வாசகர் கேள்வி பதில்: காதல் காட்சி எழுதுகிறீர்களா? முதலில் இரண்டு பேருக்கும் ஒரு வேலை கொடுங்கள்

காதல் சிறுகதை அனுப்பச் சொல்லிப் போன இதழில் ஓர் அறிவிப்பு போட்டிருந்தோம். கதைகளோடு கேள்விகளும் வந்து குவிந்துவிட்டன. சுற்றி வளைத்துப் பலரும் கேட்டது ஒன்றுதான்: எழுதும்போது எனக்கே உருகுது, படிக்கிறவங்க ஏன் சிரிக்கிறாங்க? அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே. மற்ற கேள்வி கேட்டவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, என் கதையில் தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயில் படியில் இரண்டு பேரும் முதல் தடவை பார்த்துக்கொள்கிறார்கள். கண்ணும் கண்ணும் கலக்கின்றன, உலகமே நின்றுவிடுகிறது. தோழி படித்துவிட்டு, "படம் பார்த்த மாதிரி இருக்குடி" என்றாள். பாராட்டா, கிண்டலா?
வாசகி, செந்தூல்

பதில்: கிண்டல்தான். ஆனால் அந்தத் தோழியை விட்டுவிடாதீர்கள், நல்ல வாசகி. தைப்பூசத்தன்று அந்த 272 படியில் ஏறியவர் யாருக்கும் தெரியும், அங்கே உலகம் நிற்காது, நீங்கள் நின்றால் பின்னால் வருகிற காவடி முதுகில் இடிக்கும். உறுமிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, கைப்பேசிக்கு லைன் கிடைக்காது, பால்குடத்துப் பால் சிந்திப் படியெல்லாம் பிசுபிசுத்துக் கிடக்கும், யாரோ ஒரு பாட்டி உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவார், அவர் யார் என்று கடைசிவரை தெரியாது. இதையெல்லாம் நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர். எழுத உட்கார்ந்ததும் மொத்தக் கூட்டத்தையும் துடைத்துவிட்டு, இரண்டு பேரை மட்டும் நடுவில் நிறுத்தி விளக்கு போட்டுவிட்டீர்கள். படத்தில் அதைச் செய்யலாம், அங்கே பின்னணி இசை இருக்கிறது, நடிகர் முகம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது எழுத்து மட்டும்.

நான் என்ன செய்வேன் தெரியுமா, இரண்டு பேரையும் படியிலிருந்து இறக்கி ஒரு தண்ணீர்ப் பந்தலில் வேலைக்கு விட்டுவிடுவேன். அவள் ரோஸ் சிராப் கலக்குகிறாள். அவன் ஐஸ்கட்டி உடைக்கிறான். நடுவில் அவளுடைய சித்தி மோர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார், சித்தி அவசியம் வேண்டும். வெள்ளி ரதத்தோடு ராத்திரி முழுக்க நடந்து வந்த கூட்டம் தாகத்தோடு வரிசையில் நிற்கிறது, கை ஓயவில்லை. அவன் ஒரு வாளி ஐஸ் கொண்டுவந்து கொட்டுகிறான். "போதுமா?" கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாளி. "போதுமா?" மூன்றாவது வாளிக்குச் சித்தி நிமிர்ந்து பார்க்கிறார்: "போதும்பா, சிராப்பு எங்க இருக்குன்னே தெரியல."

முடிந்தது. அவனும் காதலைப் பற்றிப் பேசவில்லை, அவளும் பேசவில்லை, ஆனால் சித்திக்குப் புரிந்துவிட்டது, வாசகருக்கும் புரிந்துவிட்டது, இன்னும் புரியாதவர்கள் அந்த இரண்டு பேர்தான். அதில்தான் சுகமே. திருவள்ளுவர் 1094-ஆம் குறளில் செய்திருப்பதும் இதுதான்: நான் பார்க்கும்போது அவள் தரையைப் பார்க்கிறாள், நான் பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். விழியைப் பற்றி ஒரு வர்ணனை உண்டா பாருங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எப்போது திரும்பியது, அவ்வளவுதான். ஒன்றே முக்கால் அடியில் ஒரு முழுக் காட்சி.

ஆக, உங்கள் காட்சியில் காதலைத் தவிர இன்னொரு காரியம் நடந்தாக வேண்டும். பாத்திரம் கழுவட்டும், படிவம் நிரப்பட்டும், பழுதான மோட்டார் சைக்கிளைத் தள்ளட்டும். அந்தக் காரியத்தை அவர்கள் கொஞ்சம் தப்பாகவோ, கொஞ்சம் அதிகமாகவோ, வேண்டுமென்றே மெதுவாகவோ செய்யும்போது உள்ளே இருப்பது தானாக வெளியே தெரியும்.

கேள்வி: வணக்கம். நான் எழுதுவது தொண்ணூறுகளில் நடக்கும் கதை. பையன் பினாங்குத் தீவில், பெண் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்தில். சாயங்காலம் ஃபெரியில் அவளை அனுப்பிவைக்கும் காட்சி இது: "அவள் விழிகள் அலைகடலாய் அவனை மூழ்கடித்தன. 'நீயின்றி நானில்லை' என்றான். 'உனக்காகவே என் இதயம் துடிக்கிறது' என்றாள்." வசனம் செயற்கையாக இருக்கிறது என்று எனக்கே படுகிறது, ஆனால் எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. பேச்சுத் தமிழில் மாற்றிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: "நீ இல்லாட்டி நான் இல்ல லா" என்று மாற்றியிருப்பீர்கள். மோசமாகத்தான் இருக்கும். பிரச்சினை நடையில் இல்லை. ஒருவர் மனதில் இருப்பதை அப்படியே எடுத்து இன்னொருவர் கையில் வைக்கிறார், இவரும் பதிலுக்கு அதையே செய்கிறார், கணக்கு தீர்ந்துவிட்டது. அடுத்த வரி படிக்க வாசகருக்கு ஒரு காரணமும் இல்லை.

அதைவிட எனக்கு ஆதங்கம் என்னவென்றால், உங்கள் கையில் ஒரு தங்கச் சுரங்கம் இருக்கிறது, நீங்கள் அதைத் தொடவே இல்லை. அந்தக் காலத்து ஃபெரியில் காசு வாங்கியது பட்டர்வொர்த் பக்கத்தில் மட்டும்தானே? தீவுக்குப் போகக் கட்டணம், தீவிலிருந்து திரும்ப இலவசம். நீங்கள் பட்டர்வொர்த்காரர், இது உங்களுக்கு மூச்சுவிடுகிற மாதிரி பழகிய விஷயம், அதனால்தான் கண்ணில் படவில்லை. உங்கள் பையன் தீவுக்காரன். அவளோடு அந்தக் கரைவரை போவதற்கு அவனுக்குக் காசே வேண்டாம், அவளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வருவதற்குத்தான் காசு! இதைவிட ஒரு காதல் காட்சிக்கு வேறென்ன வேண்டும்?

இப்படி எழுதிப் பாருங்கள்:

ஃபெரி நகர்ந்தது. கீழ்த்தட்டில் யாரோ காரின் ஹாரனை அழுத்திவிட்டு உடனே நிறுத்தினார்கள்.
"திரும்பி வரக் காசு இருக்கா?"
"இருக்கு."
"காட்டு."
அவன் சட்டைப் பையைத் தட்டினான். சத்தம் வரவில்லை. அவள் பர்ஸைத் திறந்து ஒரு வெள்ளி நாணயம் எடுத்து அந்தப் பையில் போட்டாள்.
"சும்மா இல்ல. மிச்சத்த நாளைக்குக் கொடுக்கணும்."

கடைசி வரியைக் கவனியுங்கள். சில்லறையைப் பற்றித்தான் பேசுகிறாள். நாளைக்கும் வா என்பதைச் சொல்லாமல் சொல்லிவிட்டாள், அவனுக்குக் காசில்லை என்பதையும் அவன் முகம் சுருங்காமல் சமாளித்துவிட்டாள். வாசகர் இந்தப் பெண்ணை நம்புவார். அலைகடல் விழியாளை நம்ப மாட்டார்.

இன்னொரு விஷயம், கதையில் ஃபெரி ஓடும் காலத்தை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். 1985-இல் பாலம் திறப்பதற்கு முன்னால் தீவுக்குப் போக ஃபெரிதான் வழி, எல்லாச் சாதி சனமும் அதில்தான் ஏறியாக வேண்டும், தெரிந்தவர் கண்ணில் படாமல் தப்பிக்க முடியாது. பாலம் வந்த பிறகு ஃபெரியில் போவது என்பதே பாதி விருப்பம், பாதிச் சிக்கனம். 2023-இல் வந்த புதிய ஃபெரி வேகமானது, உள்ளே ஏர்கோன், கார் ஏற்றுவதில்லை. தயங்கித் தயங்கிப் பேச வேண்டிய ஆளைப் பழைய ஃபெரியிலேயே ஏற்றுங்கள்.

பேச்சுத் தமிழ், மலாய், சீனக் கடை வார்த்தை எல்லாம் கலக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ஆள் அப்படிப் பேசுவார் என்றால் கலக்குங்கள். ஆனால் வரிக்கு வரி லா போட்டால் மலேசியக் கதை ஆகிவிடாது. பதற்றத்தில் இருக்கும்போது அவள் பேச்சு எப்படி மாறும், கோபத்தில் எந்த மொழிக்குத் தாவுவாள் என்று யோசியுங்கள், போதும்.

கேள்வி: காதலித்தவர்தான் காதல் கதை எழுத முடியுமா?
வாசகர், பிறை

பதில்: கொலைக் கதை எழுதுகிறவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கேள்வி: என் கதாநாயகன் தினமும் அவள் பின்னாலேயே எல்ஆர்டி ரயில் நிலையம்வரை போகிறான். அவள் திட்டுகிறாள், முறைக்கிறாள், அவன் விடுவதில்லை, ஆறு மாதம் கழித்து அவள் மனம் இரங்குகிறது. விடாமுயற்சியைக் காட்டத்தான் எழுதினேன். என் தங்கை படித்துவிட்டு, "இவன் மேல போலீஸ் ரிப்போர்ட் செய்யணும்" என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசனையே இல்லையா?
வாசகர், செலாயாங்

பதில்: தங்கைக்கு ரசனையும் இருக்கிறது, சட்டமும் தெரிந்திருக்கிறது. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து மன உளைச்சலும் பயமும் கொடுப்பது 2023 மே மாதத்திலிருந்து இந்த நாட்டில் தண்டனைச் சட்டப்படி தனிக் குற்றம், பிரிவு 507ஏ, மூன்று ஆண்டுவரை சிறை. உங்கள் கதாநாயகன் ஆறு மாதம் செய்திருக்கிறான்.

சட்டத்தை விடுங்கள், கதையாகவே பார்ப்போம். அந்த ஆறு மாதமும் அவள் என்ன செய்தாள்? நிலையத்துக்கு வேறு வழியாகப் போனாளா? அண்ணனைக் கூட வரச் சொன்னாளா? தோழியிடம் போனில் பேசுவது போல நடித்துக்கொண்டே நடந்தாளா? சாவிக்கொத்தை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டாளா? உங்கள் பிரதியில் அவள் முறைப்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் அவள் பக்கத்தில் நின்று நீங்கள் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. ஒரு பெண் மறுப்பதைக் கதை முடிச்சாக மட்டும் பார்த்தால் அவள் ஆளாகவே எழ மாட்டாள், அப்புறம் கடைசியில் அவள் சம்மதித்தால் என்ன, சம்மதிக்காவிட்டால் என்ன.

விடாமுயற்சிதான் வேண்டும் என்றால், அவள் வேண்டாம் என்று சொன்ன மறுநாள் அவன் வேறு ரயிலில் போகட்டும். ஒரே நிலையம், ஒரே நேரம், அவனுக்குப் பிடித்த பெட்டி, எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வேலைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் ஏச்சு வாங்கட்டும். அவன் வரவில்லை என்பதை அவள் கவனிக்கிற அந்த நாளில் உங்கள் கதை ஆரம்பிக்கிறது. இது கஷ்டமான கதை, ஆனால் உங்கள் தங்கை கடைசிவரை படிப்பார்.

கேள்வி: காதல் காட்சிக்கு மழை வேண்டுமா?
வாசகி, கெப்போங்

பதில்: கோலாலம்பூரில் மழை இல்லாமல் எழுதுவதுதான் கஷ்டம். ஆனால் நம் ஊர் மழை சாரல் இல்லை, சாயங்கால வேளையில் ஆபீஸ் விடும் நேரம் பார்த்துக் கொட்டும், சாலை நிறையும், எல்லாருக்கும் எரிச்சல். நனைந்துகொண்டே ஆடுவதற்கு யாருக்கும் தோன்றாது, லேப்டாப் பையில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் மோட்டாரில் போகிறவர்கள் மழைக்கு மேம்பாலத்தின் கீழே ஒதுங்கி நிற்பார்களே, முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேர், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், லாரி போகும்போதெல்லாம் சேர்ந்து ஒரு அடி பின்வாங்கிக்கொண்டு. அங்கே இரண்டு பேரை நிறுத்துங்கள். மழை எப்போது விடும் என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லாத இடம்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் அம்மா, அத்தை, பெரியம்மா எல்லாரும் இந்த இதழ் படிப்பார்கள். நான் முத்தம் எழுதலாமா? எழுதினால் எவ்வளவு தூரம்?
வாசகி, பூச்சோங்

பதில்: அம்மாவுக்கு முத்தம் தெரியாது என்று நினைக்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள்.

எழுதலாம். எவ்வளவு தூரம் என்பதைவிட, எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முத்தத்துக்கு முன்னால் இருந்த நிலைமையும் பின்னால் இருக்கிற நிலைமையும் ஒன்றாகவே இருந்தால் அந்த முத்தத்தை எடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. அதற்கப்புறம் ஏதாவது மாறுகிறது, அவள் இனிமேல் அண்ணன் கண்ணைப் பார்த்துப் பேச முடியாது, அவன் மறுநாள் சொல்லவிருந்த பொய்யைச் சொல்ல முடியாது என்றால் அதை ஒரே வரியில் எழுதினாலும் நிற்கும். எந்த உதடு எந்தப் பக்கம் என்கிற வரைபடம் தேவையில்லை. பெரும்பாலும் அது படிக்கிறவருக்கு வெட்கத்தைக் கொடுக்காது, சிரிப்பைத்தான் கொடுக்கும்.

உடம்பை எழுதுவதற்கு நமக்கு ஒரு பெரிய வாத்தியார் இருக்கிறார். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி, அதில் காதல் படிப்படியாக உடம்பில் எப்படித் தெரியும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நெற்றி வியர்ப்பது, வருகிற சிரிப்பை மறைப்பது, கூந்தல் அவிழ்வது, காதணி ஒன்று கழன்று விழுவது, போட்டிருக்கிற நகையைத் தடவித் தடவிப் பார்ப்பது, உடுத்தியதையே திருத்தித் திருத்தி உடுத்துவது. உதடே இல்லை, கவனித்தீர்களா? எல்லாம் தொடுவதற்கு முன்னால் நடப்பவை, அதுவும் தனக்கே தெரியாமல் கை செய்கிற வேலைகள். இதைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. உங்கள் பெண் கழுத்து நகையைத் தடவ மாட்டாள், கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருப்பாள். எல்ஆர்டி ஏர்கோன் குளிரில் ஒருவனுக்கு நெற்றி வியர்க்கிறது என்று எழுதிப் பாருங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

தடை இருந்தால் இன்னும் நல்லது. கொமுட்டர் ரயிலில் 2010-லிருந்து பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறதே, அதில் அவன் ஏற முடியாது. இரண்டு பேரும் ஒன்றாக பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள், பொதுப் பெட்டியில் நெரிசல், "நீ அங்க ஏறிக்கோ, உட்கார இடம் இருக்கும்" என்கிறான். அவள் ஏறுகிறாள், காலி இருக்கை இருக்கிறது, ஆனால் உட்காராமல் அடுத்த பெட்டியை ஒட்டிய கண்ணாடிப் பக்கம் போய் நிற்கிறாள். அம்மா, அத்தை, பெரியம்மா மூன்று பேரும் தாராளமாகப் படிக்கலாம், ஆனால் முத்தத்தைவிட இது பெரிய விவகாரம் என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிடும்.

கேள்வி: தமிழ்ப் பெண்ணும் மலாய்ப் பையனும் காதலிப்பதாகக் கதை. காதலுக்கு மதமில்லை என்று காட்டி, கடைசியில் சேர்த்து வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?
வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: அனுப்பலாம், ஆனால் கடைசிப் பக்கத்தை ஒருமுறை திரும்ப எழுதிவிட்டு. "எல்லாத் தடைகளையும் தாண்டிக் கைப்பிடித்தனர்" என்று முடித்திருக்கிறீர்கள். இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர் முஸ்லிமைத் திருமணம் செய்ய வேண்டுமென்றால் மதம் மாறியாக வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், படிக்கிற எல்லாருக்கும் தெரியும். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஜோடிக்குப் பொருந்தாது. அப்படியிருக்க அந்தப் பெண் என்ன முடிவெடுத்தாள், பெயர் மாறியதா, வீட்டில் யார் பேச்சை நிறுத்தினார்கள், தீபாவளியன்று அவள் எங்கே இருந்தாள் என்பதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டால் தடையைத் தாண்டியது நீங்கள்தான், அவர்கள் இல்லை. கதை எந்தப் பக்கமும் சாய வேண்டாம். யாரையும் வில்லனாக்க வேண்டாம். அவள் எடுப்பது சரியான முடிவா என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். அவள் அந்த முடிவை எடுக்கிற அறைக்குள் வாசகரைக் கூட்டிக்கொண்டு போங்கள், போதும்.

இதே கதையில் பையன் சீனன் என்றால் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை, பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். அங்கே வேறு விதமான சங்கதிகள் இருக்கின்றன: சாப்பாட்டு மேசையில் மாட்டிறைச்சி, அவன் பாட்டியிடம் பேசுவதற்கு இவளுக்குத் தெரிந்த நாலு ஹொக்கியன் வார்த்தை, இரண்டு பேரும் கொஞ்சுவது மலாயிலா ஆங்கிலத்திலா, சண்டை என்று வந்தால் யார் எந்த மொழியில் கத்துவார்கள், மற்றவருக்குப் புரியாது என்று தெரிந்தே கத்துவார்களா. உங்கள் ஊரில் தொழிற்சாலை ஷிப்டு பஸ்ஸில் இப்படிப்பட்ட ஜோடி கண்டிப்பாக இருக்கும். ஒட்டுக் கேட்கச் சொல்லவில்லை, ஆனால் காதை மூடிக்கொள்ளவும் சொல்லவில்லை.

கேள்வி: இப்போது எல்லாரும் புலனத்தில்தான் (வாட்ஸ்அப்) காதலிக்கிறார்கள். அதை எழுதினால் வெறும் மெசேஜாக இருக்கிறது. என்ன செய்வது?
வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: அனுப்பிய மெசேஜைக் குறைத்து, அனுப்பாததை எழுதுங்கள். மூன்று வரி அடித்து, அழித்து, கடைசியில் "சாப்பிட்டியா" என்று மட்டும் அனுப்புகிறவளை எழுதுங்கள். டிக் இரண்டும் நீலமாகிவிட்டது, பதில் இல்லை, "டைப்பிங்" என்று வருகிறது, நின்றுவிடுகிறது, திரும்ப வருகிறது. குடும்பக் குழுவில் அவன் மாமாவின் காலை வணக்கப் படத்துக்கு உடனே கை கூப்பியிருக்கிறான், இவளுக்கு மட்டும் பதில் போடவில்லை. நம் பாட்டிகள் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, தபால்காரர் இத்தனை தடவை வந்துவிட்டுப் போக மாட்டார், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கவனம், மெசேஜ் பரிமாற்றத்தை முழுப் பக்கத்துக்கு அப்படியே போடாதீர்கள். யாருடைய போனை எட்டிப் பார்த்தாலும் சுவாரசியமாகத்தான் இருக்கும், ஐந்தாவது மெசேஜுக்கு மேல் யாருடையதாக இருந்தாலும் அலுத்துவிடும்.

கேள்வி: தங்கச்சி, எனக்கு வயது 64. இருபது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன், பிறகு கோலாலம்பூர் வந்து லாரி ஓட்டினேன், இப்போது பிள்ளைகளோடு இருக்கிறேன். காதல் கதை என்றால் இளவட்டங்கள்தானா? எங்களைப் போல கல்யாணமாகி நாற்பது வருடம் ஆன புருஷன் பெண்டாட்டியை எழுதினால் போடுவீர்களா? என் மனைவிக்குத் தெரிந்தால் திட்டுவாள்.
வாசகர், ரவாங்

பதில்: அண்ணே, வந்த கடிதங்களிலேயே எனக்கு ஆசையாக இருந்தது இதுதான். திருக்குறளில் காமத்துப்பால் 25 அதிகாரம். அதில் கல்யாணத்துக்கு முந்தைய களவுக்கு 7, அதற்குப் பிந்தைய கற்பியலுக்கு 18. வள்ளுவரே முக்கால்வாசி இடத்தைப் பிந்தைய காலத்துக்குத்தான் ஒதுக்கியிருக்கிறார், நாங்கள் ஓரிரண்டு கதை போட மாட்டோமா?

அதிலும் 1317-ஆம் குறளைப் பாருங்கள். அவன் தும்முகிறான், அவள் வழக்கப்படி வாழ்த்துகிறாள். வாழ்த்திய கையோடு, யாரோ நினைத்ததால்தானே தும்மினீர், யார் அவள் என்று அழுகிறாள். சரி, வம்பே வேண்டாம் என்று அடுத்த குறளில் அவன் வந்த தும்மலை அடக்குகிறான். அதற்கும் அழுகிறாள், யாரோ உங்களை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா என்று! தும்மினாலும் தப்பு, அடக்கினாலும் தப்பு. நாற்பது வருடக் குடும்பஸ்தர் நீங்கள், இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுதும்போது பழைய நினைவுகளாக அடுக்காதீர்கள். தோட்டத்தில் முதன்முதலாகப் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) அவரைப் பார்த்தது, லயத்து வீட்டில் குடித்தனம் தொடங்கியது எல்லாம் வரட்டும், ஆனால் ஓரிரு வரியில். முழுக் கதையும் இன்றைக்கு ஒரு காலை வேளையில் நடக்கட்டும். அரசாங்கக் கிளினிக்கில் இரண்டு பேரும் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் காது சரியாகக் கேட்காது, அவருக்குத் திரையில் எண் தெரியாது. அவர் கேட்டுச் சொல்ல வேண்டும், நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் முந்தாநாள் சண்டை ஒன்று இன்னும் தீராமல் கிடக்கிறது, அதனால் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள்? முழங்கையால் ஒரு இடி, தொண்டையில் ஒரு கனைப்பு, மருந்துச் சீட்டை நீட்டாமல் மடியில் போடுவது. ஒரு கதைக்கு இது தாராளம். சண்டை எதைப் பற்றியது என்று கடைசிவரை சொல்லாமல் விட்டாலும் நான் சந்தோஷப்படுவேன், ஆனால் அது சின்ன விஷயமாக இருக்கட்டும், ஊறுகாய் போத்தலை மூடாமல் வைத்தது மாதிரி.

நீளம் ஆறு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கையால் எழுதி அனுப்பினாலும் சரி, நாங்கள் தட்டச்சு செய்துகொள்கிறோம். அண்ணியிடம் அனுப்புவதற்கு முன்னால் காட்டாதீர்கள், பாதியை அடித்துவிடுவார், அதுவும் நல்ல பாதியை. இதழில் வந்த பிறகு காட்டுங்கள். திட்டினால் என்ன திட்டினார் என்று ஒரு வார்த்தை விடாமல் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த கதைக்கு அனுப்புங்கள்.